வெடுக்கென்று இழுத்தால் அறுபடும் குழல்கள்

கண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மகன் பள்ளி ரக்பி அணியில் ஆடுகிறான். தலைக்கு மெத்தென்ற அந்தத் தொப்பியை மாட்டிவிட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாதுதானே?"

காது தப்பும், தோல் கிழியாது. மூளைக்கு அந்தத் தொப்பியை நம்ப முடியாது.

2003 நவம்பர் 22, சிட்னி. கூடுதல் நேரத்தில் ஆஸ்திரேலியாவை 20-17 என்று வென்று இங்கிலாந்து உலகக் கோப்பையைத் தூக்கியது. இரு அணியினரும் குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் இங்கிலாந்து முன்வரிசையின் நடு ஆளாக, ஹூக்கராக ஆடியவர் ஸ்டீவ் தாம்சன். 2020-இல், 42 வயதில், தனக்கு மறதிநோய் வந்திருப்பதாக அறிவித்தார். அந்தக் கோப்பையை வென்றதே நினைவில் இல்லை என்றார்.

நேராக விழும் அடியைவிடத் தலையைத் திருப்பிவிடும் அடிதான் மூளைக்கு ஆபத்து. மண்டையோடு சட்டென்று சுழலும்போது மூளை முழுதும் ஒரே வேகத்தில் கூடவே சுழலாது, உள்ளுக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும். அப்போது நரம்பணுக்களின் நீண்ட இழைகளான ஆக்சான்கள் இழுபடுகின்றன. தொப்பியின் மெல்லிய திண்டு இந்தச் சுழற்சியைத் தடுக்கப் போதாது.

இனிமேல்தான் விஷயமே. ஒவ்வொரு ஆக்சானுக்குள்ளும் நீளவாக்கில் நுண்குழல்கள் ஓடுகின்றன. நரம்பணுவின் உடலில் தயாராகும் புரதங்களும் நுண்பைகளும் இவற்றின் மேல்தான் மறுமுனைக்குப் போகின்றன. பக்கத்துப் பக்கத்துக் குழல்களைப் பிணைத்து வைப்பது டவ் என்ற புரதம். பரிசோதனைக்கூடத்தில் வளர்த்த ஆக்சானை மெதுவாக இழுத்தால் இரு மடங்கு நீளம்வரை போய், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. டவ் பிணைப்புகள் நெகிழ்ந்து கொடுக்க, குழல்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போய்விடும். அதே ஆக்சானை நொடியின் சிறு பகுதிக்குள் இழுத்தால் நெகிழ நேரமில்லை. டவ் விறைத்துக்கொள்ள, குழல்கள் அறுபடுகின்றன. ஜவ்வு மிட்டாயை மெல்ல இழுத்தும், வெடுக்கென்று இழுத்தும் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதைவிட அழகு, அடிபட்ட ஆக்சான் உடனே நேராகாமல் நெளிநெளியாகக் கிடப்பது: அறுந்த குழல்முனைகள் அதைப் பழைய நிலைக்கு அடங்க விடுவதில்லை. அறுந்த இடத்தில் சரக்கு தேங்கி வீங்குகிறது. கால்சியம் வேறு உள்ளே பாய்கிறது.

குழலை விட்டுக் கழன்ற டவ், உருமாறி, முடிச்சு முடிச்சாகச் சேரும். இந்த முடிச்சுகள் மூளை மடிப்புகளின் அடியாழத்தில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றிக் குவிந்திருந்தால் அது சிடிஇ, அதாவது தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை சிதையும் நோய். இன்றும் இறந்த பிறகு மூளையைச் சீவிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடிகிறது. 2023-இல் வெளியான ஆய்வில், தானமாக வந்த 31 ரக்பி வீரர்களின் மூளைகளில் 21-இல் சிடிஇ இருந்தது. சந்தேகம் இருந்தவர்களின் குடும்பங்களே அதிகம் கொடுத்திருக்கலாம் என்பதால் எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்லக் கூடாது. ஆனால் ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆபத்து சுமார் 14 சதவீதம் ஏறியதை ஒதுக்க முடியாது.

தாம்சனும் தன் மூளையை ஆய்வுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கண்ணைத் தானம் செய்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மூளை என்றால் கேட்கவே வேண்டாம். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் 1995 முதல் மூளை வங்கி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னொன்று: இந்த ஆய்வுக்கான பணம் விளையாட்டு அமைப்புகளின் பையிலிருந்து மட்டும் வரக் கூடாது. டிக்கெட் விற்கிறவரே ஆபத்தையும் அளந்தால் யார் நம்புவார்கள்?

உயர்மட்ட ஆட்டங்களில் 2024 முதல் பல்காப்புக்குள் உணரி வைக்கிறார்கள். தலை எவ்வளவு வேகமாகச் சுழன்றது என்று அது மைதான மருத்துவருக்கு உடனே சொல்லும். எல்லை தாண்டினால் வீரர் பரிசோதனைக்கு வெளியே வர வேண்டும். வெளியே தெரியாத அடியையும் இது பிடிக்கும். ஆனால் நடந்து முடிந்த அடியைத்தானே அளக்கிறது?

மோதல்களைக் குறைப்பதே உருப்படியான வழி. தொழில்முறை வீரர்களுக்கே முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக ரக்பி அமைப்பின் 2021 வழிகாட்டல். கண்டி வாசகரே, தொப்பிக்கடைக்குப் போகுமுன் மகனின் பயிற்சியாளரிடம் அந்தக் கணக்கைக் கேளுங்கள்.