ஸ்பாட்: முத்துச்சிப்பியின் குஞ்சுப் பருவம்

தமிழில் ‘ஸ்பாட்’ என்று எழுதினால் படப்பிடிப்பு இடமோ, வண்டியை மறித்துப் போடும் அபராதமோதான் நினைவுக்கு வரும். முத்து வளர்ப்பவர்களின் ஸ்பாட் வேறு. நீரில் அலைந்துகொண்டிருந்துவிட்டு, முதன்முதலாக எதையாவது பிடித்து உட்கார்ந்துவிட்ட பொடிச் சிப்பிக்குத்தான் அந்தப் பெயர். உட்காரும்வரை அது லார்வா.

ஆங்கிலத்தில் இது (spat) பழைய சொல். துப்புதலைக் குறிக்கும் ‘ஸ்பிட்’டின் உறவு என்பது ஓர் ஊகம். பிரெஞ்சில் இதற்கு ‘பிறத்தல்’ என்ற வினையிலிருந்து வந்த பெயர் இருக்கிறது. பசிபிக் தீவுக்கூட்டமான பிரெஞ்சு பொலினீசியாவின் கருமுத்துத் தொழிலில் அதுதான் புழக்கம்.

அங்கே துவாமோட்டுத் தீவுகளில் பவளப்பாறை வளையத்துக்குள் அடங்கிக் கிடக்கும் களப்புகள், அதாவது கடல்நீர் ஏரிகள், உண்டு. கருமுத்து தரும் கருஉதட்டுச் சிப்பியின் லார்வா சுமார் மூன்று வாரம் அந்த நீரில் மிதக்கும். கால் மில்லிமீட்டர் அளவு வந்ததும் அதற்கு ஒரு சின்னப் பாதம் முளைக்கும். கிடைத்த பரப்பில் அந்தப் பாதத்தால் ஊர்ந்து, தடவிப் பார்த்து, பிடித்திருந்தால் ஒரு நூலைச் சுரந்து தன்னைக் கட்டிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் மறுபடி நீச்சல்தான். இந்தத் தருணத்துக்காகத்தான் வளர்ப்பவர்கள் நீருக்குள் கயிறு கட்டிக் காத்திருக்கிறார்கள். தொடக்க காலத்தில் ‘மிக்கி மிக்கி’ என்ற கரையோரப் புதரின் கிளைகளைத் தொங்கவிட்டார்கள். இப்போது நிழல்வலை போன்ற கருப்புப் பிளாஸ்டிக் பட்டைகள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சிப்பி விதை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. விதை என்றால் நாம் தூவுவது, இது தானாக வந்து ஒட்டுவது. மீன்குஞ்சு, இறால்குஞ்சு என்று ஏற்கெனவே வாயில் புழங்கும்போது ‘சிப்பிக் குஞ்சு’ போதும். லார்வாவையும் குஞ்சு என்று சொல்லிக் குழப்பக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு இலங்கைப் பாடநூல்களின் ‘குடம்பி’ இருக்கிறது. களப்பும் அங்கே அன்றாடச் சொல்தான், மட்டக்களப்பில் இருப்பது அதுதான். பழந்தமிழின் ‘இப்பி’யை மீட்டு ‘இப்பிக் குஞ்சு’ எனலாமே என்று ஆசை வரும். ஆனால் படிப்பவர் எழுத்துப்பிழை என்று நினைத்துவிடுவார்.

தொங்கவிடும் பட்டையை ஆங்கிலத்தைப் பார்த்துச் ‘சேகரிப்பான்’ என்று மொழிபெயர்ப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அது எதையும் சேகரிப்பதில்லை. கொடிக்குக் கொழுகொம்பு நடுவதுபோல, குஞ்சுக்குப் பிடிமானம் தருகிறது. ‘பற்றுக்கயிறு’ என்றால் பார்க்காதவருக்கும் புரியும். வேலையின் பெயர் ‘குஞ்சு பிடித்தல்’.

ஓராண்டுக்கு மேல் ஆனதும் கயிற்றைத் தூக்கி, கொத்தாகத் தொங்குபவற்றைப் பிரித்தெடுப்பார்கள். ஓடு 9, 10 சென்டிமீட்டர் வந்து, முத்து உருவாக உள்ளே முத்துக்கரு என்ற சிறுமணியை வைக்கத் தகுதியாகும்போது அதைக் குஞ்சு என்று யாரும் சொல்வதில்லை. அப்புறம் அது வெறும் சிப்பி.