தூக்கத்துக்கு ஒரு பொம்மை: வேலை பகலில்தான் தொடங்குகிறது

பொம்மை வாங்கி வந்து குழந்தையின் பக்கத்தில் வைத்துவிட்டு, இனி இரவில் எழாது என்று எதிர்பார்ப்பவர்கள் ஏராளம். இரண்டு நாளில் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும். கடையிலிருந்து வரும்போது எந்தப் பொம்மையிலும் ஆறுதல் இருப்பதில்லை. பால் குடிக்கும்போதும் அணைப்பில் இருக்கும்போதும் திரும்பத் திரும்பக் கூடவே இருந்துதான் ஒரு துணித்துண்டுக்கு அந்தச் சக்தி வருகிறது. பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் மனப்பகுப்பாய்வாளருமான டொனால்டு வினிகாட் 1950-களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட பொருள்களைப் பற்றி விரிவாக எழுதினார். தாயோடு ஒட்டியிருக்கும் நிலைக்கும் தனித்து நிற்கும் நிலைக்கும் நடுவே குழந்தை பற்றிக்கொள்ளும் பொருள் என்பது அவர் பார்வை.

முறையைச் சொல்லும் முன் வயதைச் சொல்லியாக வேண்டும். பொம்மையைப் பழக்குவதை 6 மாதத்திலேயே தொடங்கலாம். ஆனால் 12 மாதம் நிறையும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் பொம்மை, துணி, தலையணை எதுவும் கூடாது. கெட்டியான, சமமான மெத்தை, அதன்மேல் இறுக்கமாகப் போட்ட விரிப்பு, மல்லாந்து படுத்த குழந்தை. அவ்வளவுதான். முகத்தில் விழுந்த துணியைத் தள்ளிவிடச் சின்னக் குழந்தைக்குத் தெரியாது. மூச்சு அடைபடலாம், அல்லது தான் விட்ட காற்றையே மறுபடி இழுக்கும். பகல் தூக்கத்துக்கும் இதே விதிதான். "பத்து நிமிஷம்தானே, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்" என்பது எடுபடாது. பார்த்துக்கொண்டிருப்பவர்களும் கண் அயர்வார்கள்.

அப்படியானால் 6 மாதத்திலேயே ஏன் தொடங்க வேண்டும்? விழித்திருக்கும் நேரத்தில் பழக்குவதற்கு. பால் கொடுக்கும்போது உங்களுக்கும் குழந்தைக்கும் இடையில் அந்தப் பொம்மையோ துணியோ இருக்கட்டும். அது குழந்தையின் மூக்கையும் வாயையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளித்த பிறகு, கதை சொல்லும்போது, கண்ணாமூச்சி காட்டும்போது அதே பொருள். அதற்கு ஒரு பெயர் வையுங்கள். அழும் குழந்தையை முதலில் தூக்கி அணைத்துவிட்டுப் பிறகு பொம்மையைக் கையில் கொடுங்கள். உங்களுக்குப் பதிலாக அதை நீட்டினால், நீங்கள் விலகிப்போவதற்கான அடையாளமாக அது மாறிவிடும். படுக்க வைக்கும்போது பொம்மையை எடுத்துவிடுங்கள்.

வாசனைதான் பாதி வேலையைச் செய்கிறது. ஓர் இரவு அந்தத் துணியை அம்மா தன் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம். நறுமணத் திரவம் போட்டு அலச வேண்டாம். ஒரே மாதிரி இரண்டை ஒரே நாளில் வாங்கி, முதல் வாரத்திலிருந்தே மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்றைப் புதிதாக அலமாரியில் பூட்டி வைத்தால், பழையது தொலையும் நாளில் குழந்தை அதை ஏற்காது. மணமும் வேறு, தேய்மானமும் வேறு. குழந்தையை ஏமாற்ற முடியாது.

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பொம்மை, அல்லது சுமார் 30 செ.மீ. சதுரத் துணி போதும். கண்ணும் மூக்கும் நூலில் தைத்தவையாக இருக்க வேண்டும். பொத்தான், மணி, ரிப்பன், நீள முடி, உள்ளே உருண்டை நிரப்பியவை, எடை சேர்த்தவை எல்லாம் வேண்டாம். சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் நுழையும் எந்தத் துண்டும் 3 வயதுக்குள் தொண்டையை அடைக்கக்கூடியது. பாட்டுப் பாடி விளக்கு எரியும் பொம்மையில் பொத்தான் பேட்டரி இருந்தால் தொடவே வேண்டாம். விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாரம் ஒருமுறை தையலை இழுத்துப் பாருங்கள். லேபிள் அனுமதித்தால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிப்பூச்சிகள் சாகும்.

முதல் பிறந்தநாள் கழிந்ததும் படுக்கைக்குள் கொண்டுவரலாம். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். தோளில் ஆட்டித் தூங்க வைத்துவிட்டு, தூங்கிய பிறகு பொம்மையை அருகில் செருகுகிறார்கள். குழந்தையின் தூக்கச் சுற்று சுமார் ஒரு மணி நேரம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிக்கும். கண் மூடும்போது தோள் இருந்தது, விழிக்கும்போது தோள் இல்லை என்றால் அழத்தான் செய்யும். ஆகவே கண் சொருகும் நேரத்தில், முழுதாகத் தூங்கும் முன்பே படுக்க வைத்து, பொம்மையைக் கைக்கு எட்டும்படி வையுங்கள், முகத்தருகே வேண்டாம். இரவில் எழுந்தால் உடனே தூக்காமல் முதலில் அதைக் கையில் தொட வையுங்கள். இரண்டு மூன்று வாரம் இதையே மாற்றாமல் செய்ய வேண்டும். காய்ச்சல், பயணம், புது ஆள் பார்த்துக்கொள்ளத் தொடங்கும் வாரம், இவற்றில் ஆரம்பிக்காதீர்கள்.

பால் புட்டியைத் துணையாகக் கொடுத்துத் தூங்க வைப்பது வேறு கதை. பல் சொத்தைக்கு அது நேர்வழி.

சில குழந்தைகள் எந்தப் பொருளையும் பிடித்துக்கொள்வதில்லை. ஒரு மாதம் முயன்றும் தூக்கி எறிந்தால் விட்டுவிடுங்கள். அதில் குறையொன்றும் இல்லை. பிடித்துக்கொண்ட குழந்தையிடமிருந்து இரண்டு, மூன்று வயதில் பிடுங்கவும் வேண்டாம். எங்கும் தூக்கிக்கொண்டு திரிவது தொல்லையாக இருந்தால், "இது படுக்கையில்தான் இருக்கும்" என்று ஒரு எல்லை போடுங்கள்.