நூறு சொல் கதைக்கு ‘சூப்பர்’ போடுவதற்கு முன்

வேலூரில் அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், தோல் கம்பெனி டைரி, கல்லூரி ஆண்டு மலர் என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆண்டு மலர்களில் கட்டுரைக்கும் விளம்பரத்துக்கும் நடுவே அரைப் பக்கம் காலியாக நிற்கும். அதை அடைக்க மாணவர்களிடம் நூறு சொல்லில் கதை கேட்டு வாங்குவார்கள். பிழை திருத்த வந்த என்னிடமே “கதை எப்படி இருக்குன்னும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்” என்பார்கள். நானும் வருடக்கணக்கில் சொல்லிவந்தேன். அதில் பாதி தப்பு.

பெரிய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பையன் பாலாற்றைப் பற்றி எழுதியிருந்தான். தண்ணீர் ஓடாத ஆற்று மணலில் அவன் அப்பா ஊற்று தோண்டுகிறார். பையன் சொம்பை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அவ்வளவுதான் கதை. அதில் ‘நைனா’ என்று எழுதியிருந்தான், ‘தண்ணி வந்துகினு கீது’ என்று எழுதியிருந்தான். என் சிவப்பு மை பழக்கதோஷத்தில் ‘நைனா’வை ‘அப்பா’ ஆக்கியது, ‘வந்துகினு கீது’ என்பதை ‘வந்துகொண்டிருக்கிறது’ ஆக்கியது. கடைசியில் எனக்குப் பிடித்த மாதிரி ஒரு வரியும் சேர்த்துக் கொடுத்தேன். தாளை வாங்கிப் படித்துவிட்டு, “நல்லாத்தான் கீது சார், ஆனா இது எங்க நைனா இல்ல” என்றான். அடுத்த வருட மலரில் அவன் கதை இல்லை.

வடாற்காட்டுப் பேச்சைச் சினிமாவில் கேலிக்கு வைத்து நம் காதைக் கெடுத்துவிட்டார்கள் என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது. நூறு சொல் கதையில் நான் மாற்றியது பன்னிரண்டு சொல். நாவலில் பன்னிரண்டு சொல்லை மாற்றினால் எழுதியவருக்கே தெரியாமல் போகலாம். இங்கே எட்டில் ஒரு பங்கு கதை கை மாறிவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் சிறிய கதை என்றால் பேனாவைத் தொடுவதில்லை. பென்சில்தான், அதுவும் ஓரத்தில் மட்டும். எழுத்துப்பிழையைத் தனித் தாளில் கடைசியாகக் கொடுக்கிறேன். ஒற்றுப்பிழையையும் கதையையும் ஒரே மூச்சில் பேசினால் எழுதியவர் காதில் ஒற்றுப்பிழை மட்டும்தான் விழும்.

‘சூப்பர்’, ‘அருமை’, கைகூப்பும் படம், ‘இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம்’ ஆகிய நான்கும் எனக்கு ஒன்றுதான். எந்தக் கதைக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். படித்தவருக்கு எந்த இடத்தில் என்ன ஆயிற்று என்பது எதிலும் இருக்காது. எழுதியவருக்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் அவரால் தன் கதையை முதல் தடவையாகப் படிக்கவே முடியாது.

குடியாத்தம் பக்கத்துப் பெண் ஒருத்தியின் கதையை வைத்துச் சொன்னால் விளங்கும் (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்). ரேஷன் கடையில் ஒரு அம்மா கைரேகை மிஷினில் விரலை வைக்கிறாள். எடுக்கவில்லை. மறுபடி வைக்கிறாள். மூன்றாவது தடவை விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “பீடி சுத்துற கை சார்” என்கிறாள். அப்புறம் கடைசி வரி: ‘உழைப்பாளியின் கைரேகையை உழைப்பே தின்றுவிட்டது.’

பழைய நானாக இருந்தால் ‘எடுப்பு நன்று, முடிவு பலவீனம்’ என்று எழுதிக் கடைசி வரியை அடித்திருப்பேன். இந்தத் தடவை இப்படி எழுதிக் கொடுத்தேன்: “விரலைத் துடைக்கும்போது சங்கடமாக இருந்தது. ‘பீடி சுத்துற கை’ என்றதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடைசி வரி, புரிந்ததையே மறுபடி சொல்வதுபோல் பட்டது. அந்த வரி யாருக்காக?” அடிக்கவில்லை, கேட்டேன். அவள் பதில் நான் எதிர்பார்த்தது இல்லை. “எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவேன் சார். இந்த வரி இருந்தா அவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்.” சரி, அதுவும் ஒரு காரணம்தான். முடிவை அவளிடமே விட்டேன்.

குறையைச் சொல்லச் சொற்கள் கிடைக்காமல்தான் பலர் ‘சூப்பர்’ போட்டுத் தப்பிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நம்மிடம் சொற்கள் உண்டு. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லியிருக்கிறார். அவற்றில் நாலைந்து குறுங்கதைக்கென்றே சொன்னதுபோல் இருக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் குன்றக் கூறல், அளவுக்கு மேல் சொன்னால் மிகைபடக் கூறல், சொன்னதையே சொன்னால் கூறியது கூறல். எடுத்த விஷயத்தை விட்டு வேறொன்றுக்குப் போனால் மற்றொன்று விரித்தல். ஜோராக ஆரம்பித்துப் போகப் போக மெலிந்து ஓய்ந்தால் சென்று தேய்ந்து இறுதல். இந்தப் பெயர்களை எழுதியவர் மேல் வீச வேண்டியதில்லை. நாம் எதைத் தேடிப் படிக்கிறோம் என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

நாய் சொன்ன கதை, செத்தவன் சொன்ன கதை என்று கடைசி வரியில் திருப்பும் கதைகள்தான் என்னிடம் அதிகம் வரும். இவற்றுக்கு என்னிடம் இருப்பது ஒரே சோதனை: குட்டு உடைந்த பிறகு இன்னொரு தடவை படிப்பது. முதல் வரிகளில் அப்போதும் ஏதாவது கிடைத்தால் அதைக் குறித்துக் கொடுப்பேன். கிடைக்காவிட்டால், “இரண்டாவது தடவை எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை” என்று அப்படியே சொல்லிவிடுவேன். ‘ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்’ என்று நம் ஊர்ச் சொலவடையில் முடியும் கதைகளும் வரும். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி 1981லேயே திரும்பிவிட்டார் என்று ஓரத்தில் எழுதுவேன். இந்த ஒரு குறும்பை மட்டும் என்னால் விட முடியவில்லை.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. தமிழில் ‘போயிருக்கமாட்டானோ’ என்பது ஒரு சொல். சொற்களைச் சேர்த்து எழுதினால் நூறுக்குள் நிறையவே அடங்கும். ‘பார்த்துக்கொண்டேவந்துவிட்டிருந்தவனை’ என்று ரயில் பெட்டி கோத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டிய மாணவனை எனக்குத் தெரியும். இரண்டு சொல் கூடிவிட்டது என்று நல்ல கதையை ஒதுக்காதீர்கள்.

கதை சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது என்று பட்டால் ‘நம்பும்படி இல்லை’ என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் நிதானம் வேண்டும். சாவைப் பற்றியே ஒருவர் திரும்பத் திரும்ப எழுதினால், கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தனியாகக் கூப்பிட்டு எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள்.

குடியாத்தம் பெண் கடைசி வரியை எடுக்காமலே கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். பீடி இலையை வெட்டிக்கொண்டே முழுக்கக் கேட்ட அம்மா, அந்த வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். “அப்புறம் அரிசி போட்டானா இல்லியா அந்தாளு?” என்று மட்டும் கேட்டாராம். நான் அந்தக் கதையை ஐந்து தடவை படித்தவன். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.