பயோமெட்ரிக் என்றால் எதைக் கொடுக்கிறோம்?

விசா விண்ணப்ப மையம் ஒன்றின் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி நின்றிருந்தார். கையில் தடித்த கோப்பு. "அடுத்து பயோமெட்ரிக் கொடுக்கணும்மா" என்றார் கவுன்டரில் இருந்த பெண். மூதாட்டி கோப்பைத் திறந்து தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். "இதுக்குள்ளதான் இருக்கும்மா, பையன் எல்லாத்தையும் வச்சு அனுப்பியிருக்கான்." அந்தப் பெண் எழுந்து வந்து மெதுவாகச் சொன்னார்: "தாள் இல்லைம்மா. கைரேகை வைக்கணும், போட்டோ எடுக்கணும், அவ்வளவுதான்."

கேட்கப்பட்டது அவருடைய சொந்த விரல்கள். அது அவருக்கே தெரியாதபடி ஒரு சொல் நடுவில் நின்றது. அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பயோமெட்ரிக் என்பதன் வேர் கிரேக்கம். 'பயோஸ்' என்றால் உயிர்வாழ்வு, 'மெட்ரான்' என்றால் அளவு. இரண்டும் சேர்ந்த சொல் முதலில் எல்லைச் சாவடிக்கு வரவில்லை, உயிரியலுக்குத்தான் வந்தது. செடிகள், விலங்குகள், மனிதர்கள் ஆகியோரின் உயரம், எடை, தலைமுறை வேறுபாடு போன்றவற்றைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் துறைக்கு அந்தப் பெயர். 1901இல் பிரான்சிஸ் கால்டன், கார்ல் பியர்சன், வெல்டன் மூவரும் தொடங்கிய 'பயோமெட்ரிகா' என்ற ஆய்விதழ் இன்றும் புள்ளியியல் இதழாகவே வருகிறது. அந்தப் பொருளுக்கு 'உயிரியளவியல்' என்ற தமிழ்ச்சொல் கச்சிதமாகப் பொருந்தும். உடலைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது என்ற இன்றைய பொருள், கணினி அந்த வேலையைச் செய்யத் தொடங்கிய பிறகு இதே பெயரின்மேல் ஏறியது. இரண்டு பொருளுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிறார்: அதே கால்டன்தான் 1892இல் விரல்ரேகைகளைப் பற்றி முழுநூல் எழுதியவர்.

பெயர் புதிது என்றாலும் செயல் பழையது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் முழு உள்ளங்கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளில் பதிய வைத்தார். பின்னால் 'அது என் கையெழுத்தே இல்லை' என்று மறுத்துவிடக் கூடாது என்பது நோக்கம். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகை அலுவலகம் திறக்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறையின் கணக்கு வேலையைச் செய்தவர்கள் அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அலுவலர்கள். முறைக்கு வாய்த்த பெயரோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. இந்த இருவரின் பெயரையும் ரேகையைப் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ரேகை குடியேற்றக் கட்டுப்பாட்டுக்குள் நுழைந்த கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1906இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. 8 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களும் சீனர்களும் பதிவுசெய்துகொண்டு விரல்ரேகை தர வேண்டும், பதிவுச் சான்றைக் கேட்ட இடத்தில் காட்ட வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று ஜொகனஸ்பர்க்கின் எம்பயர் நாடக அரங்கில் கூடியவர்கள் இதற்குப் பணிவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். காந்தியின் சத்தியாகிரகம் அங்கேதான் பிறந்தது. 1908 ஜனவரியில் டிரான்ஸ்வால் அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: சட்டத்தின் கட்டாயத்தால் இல்லாமல், இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிவுசெய்வார்கள். பிப்ரவரி 10 அன்று பதிவு அலுவலகத்துக்கு நடந்தபோது, 'ரேகை தருவதா?' என்று கொதித்தவர்கள் காந்தியை அடித்து வீழ்த்தினார்கள். தடுக்கப் போன, தம்பி நாயுடு என்ற போராட்டத் தோழருக்கும் அடி விழுந்தது. காந்தி படுக்கையில் இருந்தபடியே தன் ரேகையைப் பதிந்தார். ஆனால் இந்தியர்கள் எதிர்பார்த்தபடி சட்டம் விலக்கப்படவில்லை. ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதி வளாகத்தில் ஆயிரக்கணக்கான பதிவுச் சான்றுகளுக்குத் தீ வைத்தார்கள்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் ஒரு வினைச்சொல். தமிழில் 'ரேகை கொடுத்தேன்' என்கிறோம், 'ரேகை எடுத்தார்கள்' என்றும் சொல்கிறோம். மையும் விரலும் ஒன்றுதான். ஆனால் அந்த 1908 சண்டை முழுக்க இந்த இரண்டு வினைகளுக்கு இடையில்தான் நடந்தது. இன்று எல்லைச் சாவடியில் வைக்காவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்ற நிலையில் அது 'எடுப்பது'தான். விண்ணப்பத் தாள்கள் மட்டும் அதைக் 'கொடுப்பது' என்று எழுதுகின்றன.

சரி, இன்றைய எல்லையில் என்ன நடக்கிறது? 1998இல் மலேசியா மின்னணுச் சில்லு பதித்த கடவுச்சீட்டை முதன்முதலில் வெளியிட்டது. 2003இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, எல்லா நாட்டுக் கருவிகளும் படிக்கக்கூடிய முதன்மை அடையாளமாக முகத்தைத் தேர்ந்தது. ரேகையும் கருவிழியும் விருப்பத்துக்கு விடப்பட்டன. 2001இல் ஐக்கிய அரபு அமீரகம், நாடு கடத்தப்பட்டவர்கள் வேறு பெயரில் திரும்பி வருவதைப் பிடிக்கக் கருவிழியைப் பயன்படுத்தத் தொடங்கியது. அமெரிக்கா 2004 முதலும் ஜப்பான் 2007 முதலும் வெளிநாட்டவரின் ரேகையை நுழைவிடத்திலேயே பதிகின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் எல்லையில் 2025 அக்டோபர் 12 முதல், குறுகிய காலம் தங்க வருகிற வெளியாருக்கு முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப் படமும் நான்கு விரல் ரேகையும் பதியும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் ரேகை எடுப்பதில்லை. சிங்கப்பூரில் 2024 முதல் குடியிருப்பாளர்கள் கடவுச்சீட்டை வெளியில் எடுக்காமலேயே சாங்கி விமான நிலையத்தைக் கடக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் பயோமெட்ரிக் என்ற ஒரே சொல் மூடிவிடுகிறது. ஆனால் கருவி கேட்பது இரண்டு வேறு கேள்விகள். தானியங்கிக் கதவில் கடவுச்சீட்டை வைத்து முகத்தைக் காட்டும்போது, 'இந்தச் சீட்டுக்குரியவர் நீங்கள்தானா?' என்பது கேள்வி. சில்லுக்குள் இருக்கும் ஒரு படம், எதிரில் நிற்கும் ஒரு முகம், ஒன்றுக்கு ஒன்று. இது சரிபார்ப்பு. ரேகையைத் தரவுத்தளம் முழுவதிலும் தேடும்போது கேள்வி, 'நீங்கள் யார்?' என்று மாறிவிடுகிறது. ஒருவரை லட்சக்கணக்கானவர்களோடு ஒப்பிடும் அது, அடையாளத் தேடல். இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் பெரிய குழப்பம் வருகிறது. ஒரு லட்சம் ஒப்பீட்டில் ஒருமுறைதான் தவறும் கருவி என்று வைத்துக்கொள்வோம். சரிபார்ப்புக்கு அது அருமையான கருவி. அதையே 10 லட்சம் பேர் உள்ள பதிவேட்டில் ஒருவரைத் தேட விட்டால், சராசரியாக 10 பேர் தவறாகப் பொருந்துவார்கள். அந்தப் பத்தில் ஒருவராகிவிட்ட பயணி, தான் வேறு ஆள் என்று அறியாத ஊரில் நின்று நிரூபிக்க வேண்டும்.

தவறு எல்லோர்மேலும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. 2019இல் அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 189 முக ஒப்பீட்டு நிரல்களை ஆராய்ந்தபோது, அவற்றில் பல, ஆப்பிரிக்க, கிழக்காசிய முகங்களில் வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாகப் பொய்ப் பொருத்தம் காட்டின. இன்னொரு பக்கம், ஆள் அவரேதான் என்றாலும் கருவி மறுத்துவிடும். முதுமையில் தோல் தளர்ந்தவர்கள், சிமெண்டிலும் பாத்திரத்திலும் விரல் தேய்ந்தவர்கள் இதை நன்றாக அறிவார்கள். கேப்சிடபின் என்ற புற்றுநோய் மருந்து உட்கொண்டவரின் ரேகை அழிந்துபோய், அமெரிக்க விமான நிலையத்தில் அவரைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்த செய்தியை 2009இல் ஒரு மருத்துவ இதழ் பதிவுசெய்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். புழக்கத்தில் இருப்பவை 'உயிரியளவியல்', 'உயிரளவை', 'உயிரித் தரவு'. மூன்றும் கிரேக்க வேரைச் சொல்லுக்குச் சொல் மாற்றியவை. விரலை வைக்கிறவருக்கு இவை எதுவும் சொல்வதில்லை. அங்கே யாரும் உயிரை அளக்கவில்லை. உடலில் உள்ள குறிகளை ஒப்பிடுகிறார்கள்.

'மெய்யடையாளம்' என்ற சொல் என்னை வெகுநாள் ஈர்த்தது. மெய் என்றால் உடம்பு. உயிருக்குப் பக்கத்தில் மெய்யை வைத்து எழுத்துக்கே பெயரிட்ட மொழியில், உயிர் என்று தொடங்கும் பிழையைத் திருத்த இதைவிட அழகான சொல் கிடைக்காது. ஆனாலும் கைவிட்டேன். மெய் என்றால் உண்மை என்றும் பொருள். 'மெய்யடையாளம் பொருந்தவில்லை' என்று ஒரு தாளில் எழுதினால், அந்த மனிதர் பொய்யர் என்று படிக்கத் தோன்றும். கருவி தருவது உண்மையை இல்லை. இரண்டு பதிவுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற ஒரு மதிப்பெண்ணைத்தான் தருகிறது. எவ்வளவு வந்தால் கதவு திறக்கலாம் என்று வரம்பு வைப்பது மனிதர்கள். அந்த வித்தியாசத்தை அழிக்கிற சொல்லை எல்லையில் நிற்பவர் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அங்க அடையாளம். சான்றிதழ்களிலும் காணாமல்போனோர் அறிவிப்புகளிலும் 'வலது புருவத்தின்மேல் தழும்பு' என்று எழுதுவது அதன் கீழ்தான். இது கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் குறி. கருவி படிப்பதோ ரேகை வரி எங்கே முடிகிறது, எங்கே கிளைக்கிறது என்பது போன்ற நுண்குறிகள். ஆகவே பழைய சொல்லை அதன் இடத்தில் விட்டு, அதன் தம்பியாக 'உடலடையாளம்' என்பதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. இதிலிருந்து உடலடையாளப் பதிவு, உடலடையாளச் சரிபார்ப்பு, உடலடையாளத் தேடல், உடலடையாளக் கடவுச்சீட்டு எல்லாம் இயல்பாக விரியும். 'கைநாட்டு' எழுதப் படிக்கத் தெரியாதவரைக் குறைத்துச் சொல்லப் பயன்பட்டுக் காயம்பட்ட சொல். அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

பக்கத்தில் நிற்கும் சொற்களிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கருவிழி என்பது கண்ணின் நடுவிலுள்ள பாவையைச் சுற்றியுள்ள நிற வளையம், எல்லைக் கருவிகள் படமெடுப்பது அதைத்தான். செய்திகளில் அதை 'விழித்திரை ஸ்கேன்' என்று எழுதிவிடுகிறார்கள். விழித்திரை கண்ணுக்குள்ளே பின்சுவரில் இருப்பது. அப்புறம், விமான நிலையச் செய்திகளில் 'குடியுரிமை அதிகாரிகள்' என்று வருவதும் தவறு. குடியுரிமை ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் உரிமை. வருவோரைச் சோதிப்பது வேறு வேலை. அதற்கு இலங்கையில் 'குடிவரவு', 'குடியகல்வு' என்றும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'குடிநுழைவு' என்றும் நல்ல சொற்கள் பல ஆண்டுகளாக வழங்குகின்றன. தமிழ்நாட்டு இதழ்கள் இவற்றில் ஒன்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்தில் உடலடையாளம் என்று போட்டாலும், உடனே எது என்பதைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும்: முகப் படமா, பத்து விரல் ரேகையா, கருவிழியா. எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதும் அதே வரியில் வர வேண்டும். கடவுச்சொல் திருட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலுக்கு மாற்று இல்லை. கவுன்டரில் பேசும்போது அந்தப் பெண் சொன்னதே போதும்: "கைரேகை வைக்கணும், போட்டோ எடுக்கணும்."