பிளாஸ்மாப் பீச்சு

‘வளிமண்டலப் பிளாஸ்மாத் தாரை’ என்று திருநெல்வேலியில் யாராவது சொன்னால், அறிவியல் படித்தவர்களின் நினைவு கிருஷ்ணாபுரத்துக்குத்தான் போகும். சிற்பங்களுக்குப் பேர்போன அந்த ஊரில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. புவியின் காந்த நடுக்கோடு இந்தத் தென்கோடியை ஒட்டிப் போகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் வேளையில் பாயும் மின்தாரையை ஆராய இது தோதான இடம். ஆனால் இங்கே சொல்ல வந்தது, மின்னேறிய வாயுவான பிளாஸ்மாவைப் பாய்ச்சிப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைப் பதப்படுத்தும் கருவி. ஆங்கிலத்தில் ‘அட்மாஸ்பெரிக் பிரஷர் பிளாஸ்மா ஜெட்’. அது மேசைமேல் நிற்பது. அதன் நுனியில் தெரிவது விரல் நீளச் சுடர்.

குழப்பத்துக்குக் காரணம், தமிழாக்கத்தில் ‘அழுத்தம்’ என்ற சொல் நடுவில் உதிர்ந்ததுதான். வளிமண்டல அழுத்தப் பிளாஸ்மா என்றால், வெற்றிடக் கலம் இல்லாமல் நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்திலேயே உண்டாக்கும் பிளாஸ்மா. ‘திறந்தவெளிப் பிளாஸ்மா’ என்றால் பாதித் தொல்லை தீரும்.

பிளாஸ்மா கிரேக்கச் சொல். வார்த்து உருவாக்கியது என்று பொருள். பிளாஸ்டிக்கும் அதே வேரில் கிளைத்ததுதான். முதலில் மருத்துவர்கள் இரத்தத்தின் நீர்ப்பகுதிக்கு அதை வைத்துக்கொண்டார்கள். 1928-இல் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்முயர் மின்னேறிய வாயுவுக்கும் அதையே சூட்டினார். தமிழில் ‘அயனிமம்’ என்பாரும் உண்டு. ‘அயனி’, அதாவது மின்னேறிய அணு, என்பதிலிருந்து வந்த அழகான ஆக்கம், ஆனாலும் இந்தக் கருவியில் முதல் வேலை எலக்ட்ரான்களுடையது. குழாயில் ஹீலியமோ ஆர்கானோ ஓட, சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் எலக்ட்ரான்கள் பல்லாயிரம் டிகிரி வெப்பநிலையை எட்டுகின்றன. கனத்த அணுக்களோ ஏறக்குறைய அறை வெப்பத்திலேயே இருக்கின்றன. ஆகவே பிளாஸ்டிக் உருகாது. சுடர் தொட்ட இடத்தில் பிணைப்புகள் அறுந்து ஆக்சிஜன் தொகுதிகள் ஒட்டிக்கொள்கின்றன, அதுவும் சில நானோமீட்டர் ஆழத்துக்கு மட்டும். சேம்பிலையில்போல உருண்டு நின்ற நீர்த்துளி அதன்பின் பரவிப் படிகிறது. மையும் பசையும் பிடிக்கின்றன. அல்வாப் பையில் அச்சிட்ட கடைப்பெயர் நெய் விரலோடு உரிந்து வந்தால், அந்தப் பாலித்தீனுக்கு இப்படி ஒரு பதனம் போதாமல் போயிருக்கலாம். அகலமான பிளாஸ்டிக் சுருள்களுக்குக் கொரோனா மின்னிறக்கம் என்ற இதன் உறவுக்கார முறை உண்டு. கார் விளக்கின் விளிம்புபோல் வளைந்து குறுகிய இடங்களுக்குத்தான் இந்தச் சுடர்.

‘ஜெட்’டுக்குத் ‘தாரை’ என்பதில் எனக்கு முழு மனமில்லை. குற்றாலத்தில் விழுவதும் தாரை, கண்ணீரும் தாரை, தப்பட்டையோடு ஊதுவதும் தாரை. குறுகிய வாயிலிருந்து உந்தித் தள்ளப்படுவதற்குப் பசுவின் மடியிலும் பீச்சாங்குழலிலும் நாம் பழகிய சொல் ‘பீச்சு’. அதற்கு வயிற்றுப்போக்குப் பொருளும் உண்டு, வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்தச் சுடர் செய்யும் வேலைக்கும் ‘மேற்பரப்பு மாற்றியமைத்தல்’ என்ற நீளம் வேண்டாம், ‘பரப்புப் பதனம்’ போதும். பதனம் நாள்பட மங்கும் என்பதும் இங்கே பொருந்தும்: பாலிமர்ச் சங்கிலிகள் மெல்லத் திரும்பி ஆக்சிஜன் தொகுதிகளை உள்ளே புதைத்துக்கொள்கின்றன. எனவே பதனிட்டதும் தாமதிக்காமல் அச்சிடவோ ஒட்டவோ வேண்டும்.