தொடை வலி எல்லாம் டிஸ்க் வலி அல்ல

சர்க்கரை நோய்க்குப் பத்தாண்டுகளாக மாத்திரை எடுத்துவரும் 58 வயதுக்காரர் ஒருவர், முதுகின் எம்.ஆர்.ஐ. படத்தோடும் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு) அறுவை சிகிச்சைக்குக் குறித்துக்கொடுத்த தேதியோடும் என்னிடம் வந்தார். ஓர் இரவு வலது தொடையின் முன்பக்கத்தில் எரிச்சலாகத் தொடங்கிய கடும் வலி, மூன்று வாரத்தில் சற்றே தணிந்த நேரத்தில், மாடிப்படி இறங்கும்போது முழங்கால் மடங்கி விழுந்திருக்கிறார். இரு தொடைகளையும் ஒரே உயரத்தில் நாடாவால் அளந்தேன். வலது தொடை மூன்று செ.மீ. மெலிந்திருந்தது. அனிச்சையைச் சோதிக்கும் சுத்தியலால் தட்டினால் அந்த முழங்கால் அசையவே இல்லை. நான்கு மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்ததை உணவுக் கட்டுப்பாட்டின் பலன் என்று நினைத்து அவர் மகிழ்ந்திருந்தார்.

எடைக்குறைவு உட்பட இவை எல்லாம் காட்டுவது, சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் இடுப்பு நரம்புப் பின்னல் அழற்சி. கீழ்முதுகிலிருந்து வரும் நரம்பு வேர்கள் இடுப்பின் உட்தசைக்குள் ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்த பிறகே தொடைக்குச் செல்கின்றன. அவற்றுக்கு இரத்தம் தரும் நுண்குழாய்களில் அழற்சி ஏற்படுவதால், இரத்தம் போதாமல் நரம்பிழைகள் சேதமடைகின்றன. ஜெர்மானிய மருத்துவர் புருன்ஸ் 1890-லேயே இதை விவரித்திருக்கிறார். பாதம் மரத்துப்போகும் வழக்கமான சர்க்கரை நரம்பு நோயைப் போலன்றி, சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருப்பவர்களுக்கும் இது வருகிறது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

அறுபதை நெருங்கும் எவருடைய முதுகைப் படம் எடுத்தாலும் ஏதோ ஒரு டிஸ்க் பிதுங்கியிருப்பது பெரும்பாலும் தெரியும். ஆனால் டிஸ்க் பொதுவாக ஒரு வேரைத்தான் அழுத்தும்; இவருக்கோ தொடையைத் தூக்குவது, முழங்காலை நீட்டுவது, கால்களைச் சேர்ப்பது எல்லாமே தளர்ந்திருந்தன. நரம்பு, தசை மின்பரிசோதனையும் பல வேர்கள் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. உட்தசைக்குள் இரத்தக்கசிவோ சீழ்க்கட்டியோ புற்றுநோயோ இருந்தாலும் இதே தோற்றம் வரலாம் என்பதால், இடுப்புப் பகுதியையும் படமெடுத்துப் பார்த்தோம். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ அது வேறு ஆபத்து; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலிக்கு நரம்பு வலி மாத்திரையும், சர்க்கரைக்கு இன்சுலினும், தொடைக்கு இயன்முறைப் பயிற்சியும் கொடுத்தோம். ஸ்டீராய்டு சிலருக்கு வலியைக் குறைக்கலாம்; அதன் பலனுக்கு உறுதியான சான்று இல்லை, சர்க்கரையையும் ஏற்றிவிடும் என்பதால் தவிர்த்தேன். மறுகாலுக்கும் பரவக்கூடும், தேற இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. பதினான்கு மாதங்கள் கழித்து, கைப்பிடியைத் தொடாமலே படி இறங்கி வந்தார். சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். அந்த முழங்கால் மட்டும் இன்னும் அசையவில்லை.