தந்த யாளிக்குப் பற்பசை எதற்கு?

தக்கலைப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து போன வாரம் என்னிடம் சரிசெய்ய வந்த, யானைத் தந்தத்தில் செதுக்கிய யாளிக்குக் கோரைப்பல்லின் கூரே மழுங்கியிருந்தது. பிடரிச் சுருள்களுக்குள் வெள்ளைப் பொடி அடைந்து இறுகிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தால் புதினா வாசம். கேட்டால், "தந்தம்னா பல்லுதானே சார், பேஸ்ட் போட்டா வெளுக்காதா?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பல்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் பல்லுக்கு மேலே எனாமல் என்று கடினமான ஓர் உறை இருக்கிறது. பேஸ்ட் தேய்ப்பது அதன்மேல். செதுக்கிய தந்தத்தில் அந்த உறை கிடையாது. முழுக்க டென்டின், அதாவது நம் பல்லில் வெளியே தெரிந்தால் கூசுமே, அந்தப் பகுதி. அதைத் தேய்த்தால் அழுக்கு போகாது, யாளியின் மூக்குதான் போகும்.

மஞ்சள் நிறம் அழுக்கில்லை மக்களே! இருட்டுப் பெட்டிக்குள் கிடந்தால் தந்தம் தானாகவே மஞ்சளிக்கும். கோடுகளுக்குள் கறுப்பாகத் தெரிவது பல நேரம் செதுக்கியவரே ஏற்றிய மை. அதையும் சுரண்டிவிட்டு, "முகத்துல களையே இல்லையே" என்றால் நான் என்ன செய்ய?

ஒடிசாவில் 13-ஆம் நூற்றாண்டிலேயே அரியணைக் கால்களை யானைத்தலைச் சிங்கமாகத் தந்தத்தில் செதுக்கினார்கள். அருங்காட்சியகங்களில் அவற்றுக்கு யாரும் எலுமிச்சம்பழம் தேய்ப்பதில்லை. (எனக்கு இங்கே வருபவை அவ்வளவு பழையவை அல்ல, பெரும்பாலும் திருவிதாங்கூர்க் காலத்தவை. 'ஆயிரம் வருஷம்' என்று சொல்லாதீர்கள்.)

தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். மொட்டைமாடி வெயிலில் காயவைக்காதீர்கள்; ஈரம் குடித்து ஊதியது சட்டென்று சுருங்கினால் அடுக்கடுக்காகப் பிளக்கும். தேங்காயெண்ணெய் பூசினால் தூசியெல்லாம் ஒட்டிக் கறுக்கும். அசலா என்று பார்க்க ஊசியைக் காய்ச்சிக் குத்தவே கூடாது! குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால் போதும். மென்மையான, காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

இன்னொன்று: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவித்து உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். வழி தெரியாவிட்டால் நாகர்கோவிலில் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

சான்றிதழ் இருந்து, துண்டு ஏதாவது உடைந்திருந்தால், அதை மெல்லிய தாளில் பொதிந்து கூடவே கொண்டுவாருங்கள். தயவுசெய்து ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக்கொண்டு வராதீர்கள்.